குங்குமம் வைத்த மூன்று பேட்டரிக் கட்டுகள்

ஈப்போவுக்கு வடக்கே செமோர் பக்கத்துக் குகைகளுக்குப் போகிறோம், எந்த டார்ச்லைட் வாங்கலாம் என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். மாற்று பேட்டரியை எப்படிச் சார்ஜ் செய்வது, எதற்குச் சார்ஜ் ஏறியிருக்கிறது என்று எப்படி அடையாளம் வைப்பது, அதுதான் விஷயம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டது 1983 அக்டோபரில், ஆயுத பூசைக்கு மறுநாள்.

அப்போது எனக்கு ஈப்போவில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கர் வேலை. என் அக்கா இராஜம்மா செமோரிலிருந்து நாலு மைல் உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தாள். இருபது வருடம் பால் மரம் வெட்டி, ரப்பர்ப் பால் எடுத்தவள். அந்த வருடம் விடியற்காலை இருட்டில் அடுத்த மரம் தெரியவில்லை என்று புல் வெட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது, சில வருடத்தில் முழுக்கப் போய்விடும், மருந்து கிடையாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அக்கா அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். தோட்டத்துக்குப் பின்னால் சுண்ணாம்பு மலை. அதன் குகைக்குள் பெரிய மண்டபம் ஒன்று இருக்கிறது என்று, அங்கே வௌவால் எரு அள்ளி விற்கும் முனியாண்டி அண்ணன் பல வருடமாகச் சொல்லிவந்தார். "கண்ணு போறதுக்குள்ள அத ஒரு தடவ பாத்துரணும் தம்பி. இருவது வருசமா அது அடியிலதான் வேல செய்றேன், உள்ள என்னா இருக்குன்னு தெரியாம போயிரக் கூடாது" என்றாள்.

சாதாரண டார்ச் அவள் கண்ணுக்கு எட்டாது. அதனால் நாற்பத்தெட்டு மலேசிய வெள்ளி கொடுத்து, சார்ஜ் ஏற்றும் பெரிய டார்ச் ஒன்று வாங்கினேன். கூடவே மாற்று பேட்டரிக் கட்டுகள் இரண்டு, ஆக மொத்தம் மூன்று. சோப்புக்கட்டி அளவு இருக்கும். ஒரு கட்டுக்குச் சார்ஜ் ஏறப் பதினாலு மணி நேரம், எரிவது நாற்பது நிமிடம். சார்ஜர் ஒன்றுதான், அதில் ஒரு நேரத்தில் ஒரு கட்டுதான். அதன் சிவப்பு விளக்கு கட்டு நிறைந்தாலும் எரியும், நிறையாவிட்டாலும் எரியும்.

எங்கள் வாடகை வீட்டில் காலியாக இருந்த ஒரே பிளக், சாமி படத்துக்குப் பக்கத்தில். வியாழன் மாலை ஆறு மணிக்கு முதல் கட்டைச் செருகி வெள்ளிக்கிழமை காலை எட்டுக்கு எடுத்தேன். பகலில் இருவரும் வேலைக்குப் போய்விடுவதால் அன்று மாலைதான் இரண்டாவதைச் செருகி சனி காலை எடுத்தேன். எது நிறைந்தது என்று மறந்துபோகாமல் இருக்க என் மனைவி கைக்கெட்டிய குங்குமச் சிமிழைத் திறந்து நிறைந்த இரண்டுக்கும் ஒரு பொட்டு வைத்தாள். என்ன யோசனை என்று நானும் மெச்சிக்கொண்டேன். மூன்றாவதைத் தோட்டத்தில் ஏற்றிக்கொள்ளலாம் என்று கணக்கு. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், மாலை ஆறிலிருந்து பத்து வரைதான் எஞ்சின் ஓடும், மின்சாரம் வரும். நாலு மணி நேரம் ஏறினாலும் பத்து நிமிட வெளிச்சம் லாபம்தானே.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்து ஒன்றரை மணிக்கு ஈப்போவில் பஸ் ஏறினேன். தொண்ணூறு காசு, நாற்பது நிமிடம். செமோரிலிருந்து பங்கு டாக்சி ஒரு வெள்ளி. மூன்று மணிக்கு அக்கா வீடு. பையை வைத்துவிட்டு, மறுநாள் வழி காட்டச் சொல்லி முனியாண்டி அண்ணனைப் பார்க்கப் போனவன் அவருடைய ஊர்க்கதையில் மாட்டிக்கொண்டு ஆறரைக்குத்தான் அவரோடு திரும்பினேன்.

வீட்டில் ஆயுத பூசை நடந்து முடிந்திருந்தது. சாமிக்கு முன்னால் வாழையிலை. இலையில் பால் வெட்டும் கத்தி, வாளி, மண்வெட்டி, மச்சானின் சைக்கிள் பம்ப். அவற்றோடு டார்ச், அதன் பக்கத்தில் வரிசையாக என் மூன்று பேட்டரிக் கட்டுகள். ஈரத்துணியால் துடைத்து, மூன்றுக்கும் சந்தனம் பூசி, அழகாக ஒவ்வொரு குங்குமப் பொட்டு. எது நிறைந்தது, எது காலி என்ற அடையாளம் போயே போயிற்று.

"கத்திக்கு வச்சேன், வாளிக்கு வச்சேன். இதுவும் வேல செய்ற சாமான்தானே தம்பி, இத மட்டும் விட்டுற முடியுமா?" என்றாள் அக்கா. அவள் கேட்டதில் என்ன தப்பு? விஷயத்தைச் சொல்லாமல் ஊர் சுற்றப் போனது நான்.

சரி, மூன்றில் ஒன்றை எடுத்து அதிர்ஷ்டத்துக்குச் சார்ஜில் போடுவோம் என்று கையை நீட்டினேன். முனியாண்டி அண்ணன் தடுத்தார். "சாமிகிட்ட வச்சத எடுக்கக் கூடாது லா. காலையில சூடம் காட்டித்தான் எடுக்கணும்." காலையில் எஞ்சின் ஓடாது. ஆக மூன்றாவது கட்டு காலியாகவே குகைக்கு வரப்போகிறது. எது அந்தக் காலிக் கட்டு என்று டார்ச்சில் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். முடியாது. இந்த வகை பேட்டரி தீர்ந்துபோனாலும் ஒரு நாள் சும்மா கிடந்தால் முதல் சில நிமிடம் புது மாப்பிள்ளை மாதிரி பளிச்சென்று எரியும், பிறகு பட்டென்று விழும். காலையில் மூன்றையும் போட்டுப் பார்த்தேன். மூன்றும் பளிச்.

போக வேண்டாம் என்றேன். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சிலிப்பரை மாட்டினாள். போனோம்.

ஒன்பது மணிக்குக் குகை வாசல். வெளியே வெயில் கொளுத்துகிறது, வாசலில் நின்றால் உள்ளிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கிறது. மலையே மூச்சு விடுகிறதோ என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. முனியாண்டி அண்ணனிடம் கார்பைடு விளக்கு உண்டு. அவருக்கு அது போதும். அக்காவுக்கு அது எரிகிறதா இல்லையா என்றே தெரியாது. டார்ச்சை அவள் கையிலேயே கொடுத்தோம். வாசலிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு அடி அகலத்துக்குக் கல் வரம்பு, இரண்டு பக்கமும் கறுப்புத் தண்ணீர். கைபிடித்துக் கூட்டிப்போக இடமில்லை. ஒவ்வொருவரும் தன் காலைத் தானே பார்த்து வைக்க வேண்டும். அதற்கப்புறம் மண்டபம் வரை பாறை மேல் பாறை. அங்கேயும் அவள் கண்ணுக்கு வெளிச்சம் வேண்டும்.

முதல் கட்டு முப்பத்தெட்டு நிமிடம் எரிந்தது. அது அணையவும் மண்டபத்து வாசல் வரவும் சரியாக இருந்தது. இப்போது கணக்கைப் பாருங்கள். மிச்சம் இரண்டு கட்டு. ஒன்று நிறைந்தது, ஒன்று காலி. திரும்பி வரம்பைத் தாண்ட முப்பது நிமிட வெளிச்சம் கட்டாயம் வேண்டும். இப்போது போடுவது காலிக் கட்டாக இருந்தால் மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளலாம், நஷ்டமில்லை. நிறைந்ததாக இருந்தால், மண்டபத்தில் எரியும் ஒவ்வொரு நிமிடமும் அக்கா திரும்பி நடக்க வேண்டிய நிமிடம். எது என்று அது அணையும்வரை தெரியாது.

நாலு நிமிடம், அதற்கு மேல் ஒரு நொடி கிடையாது என்றேன். அக்கா சரியென்று டார்ச்சை உயர்த்தினாள்.

வெளிச்சம் மேலே போனது, போய்க்கொண்டே இருந்தது. வெகு உயரத்தில்தான் கூரையில் முட்டியது. பதினைந்து வருடம் அங்கே எரு அள்ளிய முனியாண்டி அண்ணன் அன்றுதான் அந்தக் கூரையைப் பார்க்கிறார். அவருடைய விளக்கு அவர் தலைக்கு மேல் பத்தடி தாண்டியதே இல்லை. தலைமுண்டாசை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

அக்கா அவசரப்படவில்லை. வட்ட வெளிச்சத்தைத் துண்டு துண்டாக நகர்த்தினாள். ஓரம் தெரியாத அவள் கண்ணில் மிச்சமிருந்ததும் அந்த அளவு வட்டம்தான். எனவே அவளுக்குக் குறையென்று ஒன்றும் இல்லை. நான் கைக்கடிகாரத்தையும் டார்ச் பல்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம். இரண்டு. பல்பு மங்குவதாக இல்லை. அணைந்து தொலையேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். மூன்றரை நிமிடத்தில் அக்காவே, "போதும் தம்பி, பாத்துட்டேன்" என்றாள். அவள் பொத்தானை அழுத்தும் முன்பே விளக்கு பட்டென்று செத்தது.

கார்பைடு விளக்கின் அரை இருட்டில் மூவரும் வாய்விட்டுச் சிரித்தோம். விளக்கு அணைந்ததற்காக அத்தனை சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். கடைசிக் கட்டு நிறைந்தது என்று உறுதியாகிவிட்டதே. அதைப் போட்டு நடந்தோம். வரம்பில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, அக்கா அடி மேல் அடி வைத்துத் தாண்டினாள். வெயிலைப் பார்த்தபோது மணி பத்து இருபத்தைந்து.

போக நினைப்பவர்களுக்கு: கட்டுகளில் எண் எழுதிய பிளாஸ்டர் ஒட்டுங்கள், துடைத்தால் போகும் எதையும் வைக்காதீர்கள். எல்லாக் கட்டுகளையும் புறப்படும் முன்பு வீட்டிலேயே ஏற்றிவிடுங்கள், போகிற இடத்து மின்சாரத்தை நம்ப வேண்டாம். அக்டோபர், நவம்பரில் மழை பெய்தால் உள்ளே தண்ணீர் ஏறும், வழி தெரிந்த உள்ளூர் ஆள் இல்லாமல் நுழையாதீர்கள். முக்கியமாக, மணி பார்க்க ஒருவரை வைத்தால் பாதியில் ஆளை மாற்றுங்கள். நான் மண்டபத்தைப் பார்க்கவே இல்லை என்பது வீடு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

1989இல் மறுபடி போனேன். அக்காவுக்குப் பார்வை முழுக்கப் போயிருந்தது. புறப்படும்போது வழி சொன்னாள்: "உள்ள போனதும் வலது பக்கம் பாரு. சேல கொசுவம் மாதிரி ஒரு கல்லு மடிஞ்சு மடிஞ்சு எறங்கும். அதப் புடிச்சு மேல போனா கூர வரும்." இந்தத் தடவை ஆறு கட்டுகள், ஆறும் நிறைந்தவை. ஒன்றரை மணி நேரம் அண்ணாந்து நின்றேன். அவள் சொன்னது சொன்னபடியே இருந்தது.

திரும்பி வந்து, பார்த்துவிட்டேன் அக்கா என்றேன்.

"கொசுவத்துல எத்தன மடிப்பு?" என்று கேட்டாள்.

நான் எண்ணவில்லை.

"பதினொண்ணு" என்றாள் அக்கா.