தீர்த்தம்மாளின் பத்து நிமிடம்

ஒகேனக்கல்லில் மீன் வறுக்கும் பெண்களில் தீர்த்தம்மாள் கொஞ்சம் வாய்க்காரி. ஏரியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கல்யாணமான ஆறாம் வருஷமே புருஷன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அதிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக அடுப்பு, எண்ணெய், மீன். வலது கை முழுக்க எண்ணெய் தெறித்த தழும்புகள். கடை முன்னால் யார் வந்து நின்றாலும், "சாப்ட்டியா சாமி" என்றுதான் பேச்சை எடுப்பாள்.

ஒரே மகன் நவநீதன். ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்துவிட்டு எண்ணெய்க் கப்பலில் வேலைக்குப் போனான். மூன்றாவது தடவை போனபோது கப்பலையே பிடித்துக்கொண்டார்கள்.

ஏன் பிடித்தார்கள் என்று அவளுக்குப் புரியவைக்க, பரிசல் ஓட்டும் தம்பி மாரியப்பன் படாத பாடு பட்டான்.

"அந்த நாட்டுக் கப்பல இந்த நாட்டுக்காரன் புடிச்சிட்டான்க்கா. அதுக்குப் பதிலா அவன் இவனுதப் புடிச்சிட்டான்."

"அதுல என் பையன் என்ன பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல. கப்பல்ல இருந்தான், அவ்ளோதான்."

"அப்ப சண்டையா?"

"சண்டைன்னா குண்டு போட்டிருப்பானே. நீ மொதல்ல வுடு, நான் வுடறன்னு ரெண்டு பேரும் குந்திக்கிட்டு இருக்கறானுங்க."

குந்திக்கிடந்தவர்கள் என்னவோ கப்பலில் இருந்த இருபத்தொரு பேர்தான். கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நங்கூரம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். ஜெயில் கிடையாது, கேஸ் கிடையாது. அதனால் எப்போது விடுவார்கள் என்று சொல்லவும் ஆள் கிடையாது. தர்மபுரிக்குப் போய் மனு கொடுத்தால், "பேசிக்கிட்டு இருக்கறாங்கம்மா" என்றார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வீடியோவில் பத்து நிமிடம் பேச விட்டார்கள். அவளுக்கு வாரம் என்பதே அந்தப் பத்து நிமிடம்தான். எவ்வளவு கூட்டம் நின்றாலும் அடுப்பை அணைத்துவிடுவாள்.

பதினான்காவது வெள்ளிக்கிழமை, மகனுக்குப் பின்னால் துப்பாக்கியோடு நின்ற காவல்காரனின் ஒட்டிப்போன கன்னம் அவள் கண்ணில் பட்டது.

"ஏன்டா, பின்னாடி நிக்கறானே, அந்தப் புள்ள சாப்ட்டானா?"

நவநீதன் திரும்பி அரைகுறை இங்கிலீஷில் கேட்டான். அதற்குள் இவள் தட்டிலிருந்து ஒரு மீனை எடுத்துப் போனுக்கு நேராக நீட்டினாள். "வாங்கிக்கச் சொல்றா. காரம் கம்மிதான்."

காவல்காரன் சிரித்துவிட்டான். நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தான். அன்றைக்குப் பத்து நிமிடம் பதினேழு நிமிடமாக ஓடியது.

பக்கத்தில் நின்ற மாரியப்பன் அத்தனையையும் தன் போனில் எடுத்துவிட்டான். அக்காவின் மனசு நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் பரிசல்காரர்கள் குரூப்பில் போட்டான். இரண்டு நாளில் அது எங்கெங்கோ போய்விட்டது. கப்பலுக்குச் சொந்தக்கார நாடு அதைத் தன் டிவியில் ஓட்டி, பிடித்து வைத்திருந்த நாட்டின் பட்டினி கிடக்கிற சிப்பாய்க்கு ஒரு மீன்காரி சோறு போடுகிறாள் என்று கேலி பேசியது.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஐந்தாவது வாரம் சென்னையிலிருந்து கப்பல் ஏஜென்ட் கூப்பிட்டான். அந்தக் காவல்காரனை எங்கோ கொண்டுபோய்விட்டார்களாம், என்ன ஆனான் என்று தெரியாதாம். பேச விடுவதையும் நிறுத்திவிட்டார்களாம்.

"நல்லதுக்குத்தாங்க்கா போட்டன்" என்றான் மாரியப்பன்.

"உன்ன யாரு என்ன சொன்னா. மீன நீட்டனது நானு" என்றாள். அதன் பிறகு கடையில் அவள் பேச்சு குறைந்துபோனது. மீனைத் தட்டில் வைத்து நகர்த்துவதோடு சரி.

ஏழாவது வாரம் என்ன நினைத்தார்களோ, மறுபடி பேச விட்டார்கள்; போன் அடித்தது. மாரியப்பன் தன் போனைப் பையில் போட்டுக்கொண்டு எட்டப் போய் நின்றுகொண்டான். நவநீதன் இளைத்திருந்தான். பின்னால் வேறொரு காவல்காரன், வயசாளி, கைக்கடிகாரத்தையே பார்த்தபடி நின்றான்.

"எப்படிம்மா இருக்கற?"

"இருக்கறன்."

"மாமா?"

"ம்."

"ஏம்மா பேச மாட்டேங்கற?"

அவள் அந்த வயசாளியை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டாள். வாய் வரை வந்த "சாப்ட்டியா"வை விழுங்கினாள். எந்தச் சொல் எந்த ஊரில் போய் யார் தலையில் விழும் என்று அவளுக்கு என்ன தெரியும்.

"எதனா சொல்லும்மா. இன்னும் ஆறு நிமிஷம் இருக்குது."

"போதும் சாமி. உடம்பப் பாத்துக்க" என்றாள். அவளே போனைக் கட் பண்ணினாள்.