என்னை ஆர் திறந்து வைச்சிருக்கிறது?

ரவுட்டருக்குப் பக்கத்தில், பழைய பிஸ்கற் தகரம் ஒன்றின் மேல், அந்தக் கறுப்பு ஹார்ட் டிஸ்க் இருந்தது. வாணி விழாவுக்கு அச்சு மெசினுக்குப் பொட்டு வைத்தபோது அதற்கும் ஒன்று வைத்தோம். சந்தனம் உதிர்ந்துபோனது, குங்குமம் மட்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தது. மனேஜர் ஐயாவை நினைத்தால் எனக்கு முதலில் அவருடைய முகம் வருவதில்லை, அந்தப் பெட்டிதான் வருகிறது. அதை வாங்கிப் பூட்டியவர் அவர்தான். நல்ல காரியம் செய்தார் என்று சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

கொடிகாமம் சந்தைக்குக் கிட்ட இருந்த அச்சகம் அது. கலியாணக் காட், பெண்பிள்ளை பெரியவளானால் அடிக்கிற சாமத்தியவீட்டுக் காட், மரண அறிவித்தல், செத்தவர் நினைவாக முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் எல்லாம் செய்வோம். மூன்று கொம்பியூட்டர்கள். ஒன்றில் நான், ஒன்றில் படம் வெட்டுகிற அண்ணை, மூன்றாவதில் மனேஜர் ஐயா. முன்பு பென் டிரைவை ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம், கூடவே வைரஸும் ஓடும். டிஸ்க்கை ரவுட்டரில் மாட்டியபிறகு, ஒரே பெட்டியை மூன்று பேரும் இருந்த இடத்திலிருந்தே திறந்தோம். அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரே பைலை இரண்டு பேர் திறந்துவிட்டால், கடைசியாகச் சேமித்தவரின் வேலைதான் நிற்கும், மற்றவருடையது போய்விடும். அதனால் திறக்க முதல் சத்தம் வைக்கவேண்டும் என்பது எங்கள் சட்டம். பைலைச் செத்த ஆளின் பெயரிலேயே சொல்லுவோம். “மட்டுவில் அம்மாவை ஆர் திறந்து வைச்சிருக்கிறியள்?” என்று ஒரு குரல் வரும். “நான்தான், இந்தா மூடுறன்” என்று மறுகுரல் போகும். வாசலில் அழுத கண்ணோடு நிற்கிற சனம் எங்களைப் பார்த்துத் திகைக்கும். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

மனேஜர் ஐயாவுக்கு இரக்கம் என்ற சாமான் படைக்கும்போதே கொடுபடவில்லை. எங்கள் ஊரில் மரண அறிவித்தல் என்பது செத்தவருக்கானது இல்லை, இருக்கிறவர்களுக்கானது. ஆருடைய அன்பு மகன், ஆருடைய பாசமிகு தந்தை, ஆருடைய மாமனார் என்று வரிசையாக வரும். பெயர் இருந்தால் உறவு, இல்லாவிட்டால் வெளியாள். புத்தூரிலிருந்து ஒரு மனிசி, செத்தவருடைய இரண்டாம் தாரம், தன் பெயரையும் போடச் சொல்லி வந்தா. மூத்த தாரத்துப் பிள்ளைகளும் கூட நின்றார்கள். மனேஜர் ஐயா முதலில் போட்டார். பிள்ளைகள் தலையை ஆட்டினார்கள். உடனே திரையை அந்த மனிசியின் பக்கம் திருப்பி, ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். “பாத்தியளோ அம்மா, போயிட்டுது. பேரெண்டது பிச்சையே, கேட்டவுடனை போட?” என்றார். அவ குடையை விரித்துக்கொண்டு போனா. அவர் அந்தக் கையோடு தேத்தண்ணி கேட்டார்.

அவருக்கும் ஒரு மகள் இருந்தாள். கொழும்புத்துறையில் கடற்றொழில் செய்கிற குடும்பத்துப் பெடியனைக் கட்டியதால் வீட்டுக்கு ஆகாதவள் ஆனாள். பெடியன் படித்தவன், உத்தியோகக்காரன், குடிக்காதவன். இதெல்லாம் சாதிக்கு முன்னால் எடுபடுமோ? லண்டனிலும் கனடாவிலும் இருந்த இரண்டு தம்பிமாரும் தகப்பன் சொல்லைத் தாண்டாதவர்கள். அக்காவைப் போனிலிருந்தே அழித்துவிட்டார்கள்.

அவருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தபிறகும் வேலைக்கு வந்தார். ஒருநாள் செத்தவீட்டு போல்டரில் புதுப் பைல் ஒன்றைக் கண்டேன். திறந்தால், அவருடைய சொந்த மரண அறிவித்தல். படம், பிறந்த திகதி, தாய் தகப்பன், மனைவி, மகன்மார், மருமக்கள், பேரப்பிள்ளைகள். மறைந்த திகதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். மகள் இல்லை. அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை என்பதுபோல வரிகள் ஒட்டிக்கொண்டு நின்றன. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவர் சாப்பிடப் போன நேரம் மகளின் பெயரைப் போட்டுச் சேமித்தேன். அடுத்தநாள் பார்த்தால் இல்லை. திரும்பப் போட்டேன். திரும்ப இல்லை. இரண்டு பேரும் முகத்துக்கு முகம் ஒன்றும் கதைக்கவில்லை. ஒரு மேசையிலிருந்து நான் அவளைப் பெறுவேன், அடுத்த மேசையிலிருந்து அவர் கொல்லுவார்.

ஒருநாள் மத்தியானம் அச்சகம் முழுக்கக் கேட்க அவருடைய குரல் வந்தது.

“என்னை ஆர் திறந்து வைச்சிருக்கிறது?”

படம் வெட்டுகிற அண்ணை பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

“நான்தான் ஐயா” என்றேன்.

“மூடு பிள்ளை. நான் இன்னும் சாகேல்லை.”

மூடினேன். பெயரைச் சேமித்துவிட்டுத்தான் மூடினேன்.

பிறகு அவர் படுக்கையில் விழுந்தார். அந்த டிஸ்க் எங்கள் ரவுட்டரோடு தொடுத்த கொம்பியூட்டர்களில் மட்டும்தான் திறக்கும். கட்டிலில் கிடந்துகொண்டு அவரால் அதைத் தொட முடியாது. எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. அந்த நாட்களில் மகளைச் சந்தையடியில் கண்டேன். அப்பாவைப் பார்க்க வந்து, படலையில் நின்றுவிட்டுத் திரும்புகிறாளாம். உள்ளே விடவேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டாராம்.

“நோட்டீசிலை என்ரை பேர் இருக்கோ, அக்கா?” என்று கேட்டாள். “பேர் இருந்தா, வெளிநாட்டிலையிருந்து வாற தம்பியவை என்னை மறிக்கேலாது. செத்தவீட்டிலையாவது முகத்தைப் பாத்திடுவன்.”

“இருக்கு. நான் பாத்துக்கொள்ளுறன்” என்றேன். அவள் என் கையைப் பிடித்த பிடி இன்னும் தெரிகிறது.

அவர் ஒரு விடியற்காலையில் போய்விட்டார். செய்தி கேட்டதும் முகத்தைக்கூடச் சரியாகக் கழுவாமல் அச்சகத்துக்கு ஓடினேன். பைலைத் திறந்து, மகளின் பெயர் இருப்பதைப் பார்த்து, திகதி கேட்க வீட்டுக்குப் போன் எடுத்தேன். அவருடைய மனைவிதான் கதைத்தா.

“அடிக்க வேண்டாம் பிள்ளை. ஐயா எல்லாம் முதலே அடிப்பிச்சு வைச்சிட்டார். யாழ்ப்பாணத்திலை, வேறை இடத்திலை. கட்டிலுக்குக் கீழை கட்டாக் கிடந்தது. உங்கை குடுத்தா மாத்திப்போடுவியள் எண்டவர்.”

காலம் முழுக்க வேறு அச்சகத்தின் வேலையைப் பார்த்தால் காறித் துப்புகிற மனிதன், தன் சாவை மட்டும் அங்கே கொடுத்து அடித்திருக்கிறார். கடைசியாகச் சேமிக்கிறவர் வெல்லுவார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். என்னைப்போல் ஒரு விசரி இருக்க மாட்டாள்.

சந்திக்குப் போனேன். நோட்டீஸ் ஒட்டிய மதிலில் பசை ஈரமாக இருந்தது. மகள் எனக்கு முன்னரே வந்து நின்றாள், வெள்ளைச் சேலையோடு. நோட்டீசில் அவளுடைய பெயர் இல்லை. மறைந்த திகதிக்கும் கிரியை நேரத்துக்கும் விட்டிருந்த வெற்றிடங்களில் நீலப் பேனையால் எழுதியிருந்தது. ஒவ்வொரு நோட்டீசிலும் அதே கை, அதே பேனை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்கவில்லை. அந்த நீல எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மான்ரை எழுத்து” என்றாள். என் பக்கம் திரும்பினாள்.

“எல்லாத்திலையும் குந்தியிருந்து எழுதியிருக்கிறா. கையிலை பேனை இருந்திருக்கு, என்ன அக்கா?”

யாழ்ப்பாணம் போகிற பஸ் வந்தது, செத்தவீட்டுப் பக்கம் திரும்பாமல் அவள் அதில் ஏறிப் போய்விட்டாள்.