பதினைந்தில் நின்ற ஊசி

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். பள்ளிவாசலில் நிறுத்திக் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

என் பெயர் லாபிர். கண்டிக்குப் பக்கத்து மடவளையில் லொறி, பஸ் திருத்துகிற வேலை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவேன் என்ற தலைக்கனமும் அப்போது எனக்கு உண்டு. 1933 டிசம்பரில், தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லொறிக்கு எஞ்சினும் கியர்பெட்டியும் மாற்றிக் கொடுத்தேன். லொறியின் டிரைவர் ராஜலிங்கம். மலை இறக்கத்தில் மணிக்குப் பதினைந்து மைலைத் தாண்டக் கூடாது என்பது தோட்டத்துத் துரையின் கட்டளை. ஆகவே அவனுக்கு வேகமீட்டர்தான் எல்லாம்.

எஞ்சினை மாற்றினால் மீட்டர் தானாகச் சரியாகிவிடாது. கியர்பெட்டியில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. அது சுற்றினால் வயர் சுற்றும், வயர் சுற்றினால் ஊசி ஏறும். பெட்டி மாறும்போது சக்கரமும் மாற வேண்டும். மாறாவிட்டால் ஊசி பொய் சொல்லும். சரிபார்க்க ஒரே வழிதான். ஊசியைப் பதினைந்தில் பிடித்து, ஒரு மைல்கட்டையிலிருந்து அடுத்த கட்டை வரை ஓட வேண்டும். சரியாக நாலு நிமிடம், அதாவது இருநூற்று நாற்பது விநாடி, ஆக வேண்டும். இதைக் கட்டைக் கணக்கு என்போம்.

அது நோன்பு மாதம். லொறியை ஓட்டிப் பார்க்கக் கிளம்பி முதல் கட்டையைத் தாண்டும்போது பொழுது இறங்கிவிட்டது. எனக்கு நாக்கு வறண்டு கிடந்தது. ஊசி அசைகிறது, போதும் என்று லொறியைத் திருப்பச் சொன்னேன்.

"கட்டைக் கணக்குப் பாக்கலீங்களா, நானா?" என்றான் ராஜலிங்கம். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணனை நானா என்பார்கள்.

"நோன்பு தொறக்க நேரமாச்சி. எல்லாம் சரிதான், நீ போ."

அவன் லொறியைத் திருப்பினான்.

ஜனவரியில் பெருநாள் வந்தது. அன்று பின்னேரம் நாலு இருபதுக்கு என் வாசலில் அவனுடைய ஹோர்ன் கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அதுதான் அவன் வழக்கம். என் மனைவி மஸீனாவுக்கும் கேட்டது. அவள் ஒரு பீங்கானில் அவனுக்குப் பெருநாள் இனிப்பு வட்டிலப்பம் எடுத்து வைத்தாள். நான் கை கழுவிக்கொண்டு வெளியே போனேன். ரோட்டில் யாருமில்லை. கொஞ்சம் காத்திருந்தால் என்ன என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

மறுநாள்தான் செய்தி வந்தது. லொறி தெல்தோட்டை இறக்கத்தில் பள்ளத்தில் விழுந்து ராஜலிங்கம் இறந்துவிட்டான். என் வாசலுக்கு வந்துவிட்டுத் திரும்பும் வழியில் விழுந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டளையை மீறி வேகமாக ஓட்டினான் என்று விசாரணையில் முடிவு செய்தார்கள். அவன் மனைவி வேலாயிக்குத் தோட்டத்து வரிசைவீடான லயத்தில் இருந்த அறை போயிற்று. அவளை 'வேகக்காரன் பொண்டாட்டி' என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நானும்தான் சொன்னேன், இளரத்தம் துள்ளும் என்று. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஜூனில் பஸ் முதலாளி ஸெய்னுலாப்தீன், விழுந்த அந்த லொறியின் எஞ்சினையும் கியர்பெட்டியையும் வாங்கித் தன் தெல்தோட்டை பஸ்ஸில் போடச் சொன்னார். போட்டேன். மீட்டர் வயர் மட்டும் பொருந்தவில்லை. அதைக் கழற்றிச் சுருட்டிப் பக்கத்துச் சீட்டில் போட்டேன். பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க பஸ்ஸை தெல்தோட்டை இறக்கத்துக்குக் கொண்டுபோனேன். நான் மட்டும்தான் போனேன்.

நல்ல பகல். ஆனாலும் பனிமூட்டம் இறங்கியிருந்தது. மைல்கட்டை ஒன்றைத் தாண்டினேன். மணி நாலு ஏழு.

மீட்டர் ஊசி எழுந்தது.

ஐந்து... பத்து... பதினைந்து. அங்கேயே நின்றது.

பக்கத்துச் சீட்டைப் பார்த்தேன். வயர் சுருட்டியபடியே கிடந்தது.

பிரேக்கை மிதித்தேன். பஸ் அடங்கவில்லை. காற்று முகத்தில் அறைந்தது. இது பதினைந்து இல்லை... ஆனால் ஊசி பதினைந்தில்தான் நின்றது.

அப்போது என் தோளுக்குப் பின்னால் யாரோ எண்ணினார்கள். மூச்சுக்குள்ளே, மெதுவாக.

"எம்பத்தி ஒண்ணு... எம்பத்தி ரெண்டு..."

திரும்பிப் பார்க்கவில்லை. முடியவில்லை.

"நூத்தி நாப்பத்தி ஒம்பது..."

அடுத்த கட்டை பனிக்குள்ளிருந்து வந்தது.

"நூத்தி அம்பது."

ராஜலிங்கத்தின் லொறி விழுந்த வளைவில் பஸ் தானாக நின்றது. எஞ்சினும் அணைந்தது. மணி நாலு பத்து.

காதருகே ஒரு குரல். கோபமே இல்லாத குரல்.

"கட்டைக் கணக்குப் பாக்கலீங்களா, நானா?"

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது. விடிந்ததும் கியர்பெட்டியைத் திறந்தேன். பல்சக்கரத்தில் அரத்தால் கீறிய கோடு ஒன்று இருந்தது. கழற்றியது எது என்று தெரிய நான் போடுகிற அடையாளம் அது. நோன்புக் களைப்பில் பழைய சக்கரத்தையே திரும்பவும் மாட்டியிருக்கிறேன். அந்த நூற்றைம்பது விநாடிக் கணக்குப்படி, ஊசி பதினைந்து காட்டும்போது லொறி இருபத்து நாலில் ஓடியிருக்கிறது. கீழே உட்கார்ந்து அழுதேன்.

தோட்டத்து ஆபீசுக்குப் போய்ச் சொன்னேன். முடிந்த விஷயம் என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு ஹந்தானைத் தோட்டத்துக்குப் போனேன். வேலாயி அங்கே அண்ணனின் லயத்தில் ஒண்டிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் நின்று, பிழை என்னுடையது, உன் புருஷன் வேகமாக ஓட்டவில்லை என்றேன். அவள் அழவில்லை. இதைப் பழைய லயத்தில் வந்து எல்லோர் முன்னாலும் சொல்வீர்களா என்று மட்டும் கேட்டாள். சொல்கிறேன் என்றேன். பின்னால் சொல்லவும் செய்தேன்.

பிறகு அவளே சொன்னாள்.

"அன்னிக்கி அவரு உங்ககிட்டதாங்க வந்துக்கிட்டு இருந்தாரு. மீட்டரு பொய் சொல்லுது, கட்டைக்குக் கட்டை எண்ணிப் பாத்தேன், எறநூத்தி நாப்பது வரணும், நூத்தி அம்பதுதான் வருதுன்னாரு. பெருநாளாச்சே, கடை பூட்டியிருக்குமேன்னேன். வீட்டுக்கே போறேன்னாரு."

வந்தான், ஹோர்ன் அடித்தான், நான்தான் தாமதமாக வெளியே போனேன் என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள்.

"இல்லீங்க நானா. அவரு வந்து சேரவே இல்ல. நாலு மணி நிறுவைக்குக் கொழுந்துக் கூடையோட வரிசையில நின்னேன். எனக்கு முன்னுக்கு அஞ்சு பேருதான். லொறி கண்டிப் பக்கமா எறங்கிச்சு. உருண்டத என் கண்ணால பாத்தேன். கணக்கப்பிள்ள அப்ப மணி பாத்தாரு. நாலு பத்து."

அந்த வளைவிலிருந்து என் வாசல் இருபது கட்டைக்கு மேல். நாலு இருபதுக்கு மஸீனா பீங்கானில் வட்டிலப்பம் வைத்தபோது, அவன் இறந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது.