சுவரில் சிரித்த அம்மா

போன வருஷம் சம்பா நடவு முடிந்து மழை பிடித்துக்கொண்ட சமயம். தஞ்சாவூர் பைபாஸ் ஓரம் இருக்கும் ஓர் அரிசிக் கம்பெனி ஆபீஸில் நடந்தது இது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அங்கே கூட்டித் துடைத்து, டீ போட்டுக் கொடுப்பது என் வேலை.

சில வருஷங்களுக்கு முன் அந்த ஆபீஸைப் புதிதாகக் கட்டினார்கள். உள்ளே நுழைந்ததுமே இது என்ன கம்பெனி, எப்படிப்பட்ட கம்பெனி என்று யாரும் சொல்லாமலே தெரிய வேண்டும் என்றாராம் முதலாளி. அதற்காகச் சென்னையிலிருந்து ஒரு டிசைனர் பெண் வந்தது. களிமண் நிறத்தில் தரை, முறத்தைக் கவிழ்த்த மாதிரி விளக்கு, ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு நெல் ரகத்தின் பெயர். ரிசப்ஷன் சுவர் முழுக்க வயலில் நிற்கிற ஒரு பெண்ணின் படம் வேண்டுமாம். "உங்க ஊர்ல நடவு நடக்குதாக்கா?" என்று என்னைக் கேட்டது. மன்னார்குடி பக்கம் எங்கள் ஊரைச் சொன்னேன். நான் ஆபீஸில் இருக்க, அவர்கள் கேமராவோடு போய் வந்தார்கள். சாயந்தரம் வீட்டுக்குப் போனால் அம்மா அலுத்துக்கொண்டாள்.

"ஒங்க கம்பெனிக்காரவுங்க என்னையப் புடிச்சு நிறுத்திப்புட்டாங்கடி. சேத்துல நின்னு நின்னு காலு மரத்துப் போச்சு."

அந்தப் படம் சுவருக்கு வருவதற்குள் அம்மா போய்விட்டாள். நெஞ்சு வலிக்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. வைத்துப் பார்க்க ஒரு நல்ல படம் கிடையாது. போனை எடுத்தாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறவள். கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸுக்கு ஆதார் கார்டு படத்தைத்தான் பெரிதாக்கினோம். யாரோ மாதிரி இருந்தது.

காரியம் முடிந்து வேலைக்குப் போன அன்று கதவைத் திறந்தால், எதிரே சுவர் உயரத்துக்கு அம்மா. கையில் நாற்று முடி, வாய் நிறையச் சிரிப்பு. வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சின்ன வயசிலிருந்தே எதையாவது நினைத்துப் பயந்துகொண்டிருப்பது என் குணம். அப்பா விட்டுவிட்டுப் போன பிறகு, என்னைச் சுமந்துதான் அம்மா சிரிப்பையே மறந்துவிட்டாளோ என்பது எனக்குப் பெரிய பயம். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நான் இல்லாத இடத்திலாவது சிரித்திருக்கிறாளே! தினமும் அந்தச் சுவரைத்தான் முதலில் துடைப்பேன். அந்தப் பயம் கொஞ்சம் இறங்கும்.

போன வருஷம் முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்தார். "எல்லா அரிசிக்காரனும் நாத்து, சேறுன்னுதான் ஒட்டி வெச்சிருக்கான். நம்ம ஆபீஸப் பாத்தா வெளிநாட்டுக் கம்பெனி மாதிரி இருக்கணும்" என்றார். எல்லாம் வெள்ளை, கண்ணாடி என்று முடிவானது. அதே டிசைனர் பெண்தான் மறுபடி வந்தது.

சுவரில் ஒட்டியிருந்த படத்தை உரிக்க வந்தவர் திருத்துறைப்பூண்டிக்காரர். சூடாகக் காற்று அடிக்கிற மிஷினும் பிளேடுமாக ஆரம்பித்தார். ஓடிப்போய் நின்றேன்.

"அண்ணே, மூஞ்சிய மட்டும் கிழியாம எடுத்துக் குடுத்துருங்கண்ணே."

"ஸ்டிக்கரும்மா இது. என்ன பண்ணப் போற, ஆட்டுக் கொட்டாய்க்கு மறைப்பு கட்டவா?" என்று சிரித்தார்.

"எங்கம்மாண்ணே. இப்ப இல்ல."

மிஷினை அணைத்துவிட்டார். "தெரியாமச் சொல்லிப்புட்டேம்மா" என்றவர், சாப்பிடக்கூடப் போகாமல் நகத்தாலேயே ஓரம் ஓரமாகப் பிரித்தார். நெற்றி வந்தது. கண் வந்தது. கன்னத்துக்குக் கீழே பெயிண்டோடு சேர்ந்து பிய்ந்துகொண்டது. வாய் துண்டு துண்டாகத்தான் வந்தது. அந்தத் துண்டுகளைக் கீழே போட மனசில்லாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார் அவர்.

நான் அழுவதைப் பார்த்த டிசைனர் பெண், "அழாதீங்கக்கா, ஒரிஜினல் படம் எங்கிட்ட இருக்கும். தேடி அனுப்புறேன்" என்றது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

சாயந்தரம் மன்னார்குடி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது படம் வந்தது. அதே சேலை, அதே நாற்று முடி. ஆனால் அம்மா சிரிக்கவில்லை. உதடு ஒட்டிக் கிடந்தது. கண் இடுங்கி, எப்போது விடுவீர்கள் என்று கேட்கிற பார்வை. அந்தப் பெண் தவறுதலாக வேறு படத்தை அனுப்பிவிட்டது என்று நினைத்துப் போன் போட்டேன்.

"அதே படம்தாங்க்கா. சிரிப்பு மட்டும் கம்ப்யூட்டர்ல நாங்க வெச்சது. எவ்வளவோ சொல்லிப் பாத்தோம், அவங்க சிரிக்கவே மாட்டேன்னுட்டாங்க. ரிசப்ஷன்ல சோகமான முகம் இருந்தா கம்பெனிக்கு நல்லா இருக்காதுல்ல? சூப்பரா வந்துச்சுல்லக்கா?"

"ஆமாம்மா, நல்லா வந்துச்சு" என்று போனை வைத்துவிட்டேன். அந்தப் பெண் மேல் கோபமில்லை. எனக்கு நல்லது செய்யத்தான் தேடி அனுப்பியது. பஸ் நீடாமங்கலம் தாண்டியும் 'சிரிக்கவே மாட்டேன்னுட்டாங்க' என்பதே காதில் ஓடியது. பழைய பயம் வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டது.

அந்த ஒரிஜினல் படத்தைப் பிரிண்ட் போட்டு வீட்டில் மாட்டி, பூ வைக்கிறேன். அதுதான் என் அம்மா என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கண்ணை மூடினால் கம்பெனிக்காக யாரோ வைத்த அந்தச் சிரிப்புதான் வருகிறது, என்னைப் பெற்றவளின் முகம் வரமாட்டேன் என்கிறது.