இரண்டு முகமும் தெரிய வேண்டும்

1. வெள்ளைச் சட்டை

பென்ஷன் பாரம் ஆபீஸிலிருந்து திரும்பி வந்துவிட்டது. படத்தில் முகம் அடையாளம் தெரியவில்லை என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். அந்தப் படம் நான் எடுத்தது.

எழுபதுகளின் கடைசியில் லக்ஷ்மிபாய் நகர் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். ரிடையர் ஆகிறவர்கள் மனைவியோடு ஜாயின்ட் போட்டோ எடுத்துப் பாரத்தில் ஒட்ட வேண்டும். மோதி பாக் சர்க்கார் குவார்ட்டர்ஸிலிருந்து வந்த சண்முகம் நல்ல கறுப்பு. போட்டிருந்தது வெள்ளைச் சட்டை, பின்னால் வெள்ளைச் சுவர். அத்தனை வெள்ளையையும் பார்த்த லைட் மீட்டர், வெளிச்சம் ஏராளம் என்று காட்டியது. நானும் லென்ஸுக்குள் வெளிச்சம் விடும் அபர்ச்சரைச் சுருக்கினேன். படத்தில் சட்டைப் பொத்தான்கள் பளிச்சென்று விழுந்தன, முகம் கரி. அவசரத்தில் அதையே கொடுத்தனுப்பினேன். மீட்டரைச் சொல்லிக் குற்றமில்லை, புத்தி எனக்குத்தான் இல்லை.

பாரத்தோடு வந்தவர் அவர் மனைவி செல்லம்மாள் மட்டும். கணவர் ஆஸ்பத்திரியில், டாக்டர் கையை விரித்துவிட்டார். படம் சரியாகுமுன் அவர் போய்விட்டால், இந்த அம்மாள் தான் யாரென்று நிரூபிக்க ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும்.

2. ஜன்னல் வெளிச்சம்

கேமராவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டில் ஃபிளாஷ் கூடாது, ஜன்னல் வெளிச்சம்தான் என்றார் நர்ஸ். "ஜல்தி கரோ பையா", சீக்கிரம் முடி என்று இந்தியில் வேறு விரட்டினார். இந்தத் தடவை மீட்டரைச் சண்முகத்தின் முகத்தருகே கொண்டுபோய் அளந்தேன். அவருக்கு மூச்சு வாங்கியது. ஷட்டர் வேகத்தை நொடியில் முப்பதில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கினால் படம் அசைந்துவிடும். ஆகவே அபர்ச்சரை முழுக்கத் திறந்தேன். அப்படித் திறந்தால் ஒரே தூரத்தில் இருப்பது மட்டும்தான் ஷார்ப்பாக விழும். தள்ளி நின்ற செல்லம்மாள் மங்கிப்போவார்.

அவர் முகத்துக்கு நேராக, பக்கத்திலேயே உங்கள் முகமும் இருக்க வேண்டும் என்று செல்லம்மாளிடம் சொன்னேன். வார்டே வேடிக்கை பார்த்தது.

"வெக்கமா இருக்கு தம்பி."

சண்முகம் கண்ணைத் திறந்தார். "வா செல்லம். சர்க்காருல்லா கேக்கு."

செல்லம்மாள் தலையணை ஓரம் உட்கார்ந்து தோளோடு தோள் சேர்த்தார். இருவரும் மூச்சைப் பிடித்த நேரத்தில் அழுத்தினேன்.

படத்தை ஆபீஸில் ஏற்றுக்கொண்டார்கள். பத்து நாளில் சண்முகம் போய்விட்டார்.

மீட்டர் வெளிச்சத்தை அளக்கும். எந்த முகம் வேண்டும் என்று நாம்தான் பார்க்க வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

பிறகு ஒருநாள் செல்லம்மாள் வந்தார். மாலை போட்டு மாட்ட, கணவர் முகத்தை மட்டும் பெரிதாக்கித் தரக் கேட்டார். நெகடிவில் எங்கே வெட்டினாலும் அந்தம்மாளின் தோள் கூடவே வந்தது. தயங்கிக் காட்டினேன்.

படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"தோளு இருந்துட்டுப் போகட்டும் தம்பி."