ஜெசிந்தா அக்கா கரையிறங்கிய நாள்

வல்லக்கோட்டை கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் தொழிற்சாலை லைனின் வாட்ஸ்அப் குழுவில், ஷிஃப்ட் மாற்ற அறிவிப்புக்கும் யாரோ அனுப்பிய முருகன் படத்துக்கும் நடுவில் ஒரே வரி: 'ஜெசிந்தா மேடம் இன்று காலை தவறிவிட்டார்.' நான் உடனே அவருடைய எண்ணுக்கே போன் போட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் புரியவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனி பஸ் வந்தது, ஏறவில்லை. எதிர்ப்பக்கம் போய், அவர் வீடு இருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்குப் பஸ் பிடித்தேன்.

முந்தின நாள் மாலைவரை எங்களோடு வேலை செய்தவர். விடியற்காலையில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. ஓய்வுபெற ஐந்து மாதங்கள் இருந்தன.

அவரோடு வேலை செய்து, இதைப் படிக்கும் உங்களுக்கு அவர் உட்காரமாட்டார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஒரகடத்தில் கார்களுக்கான வயர்களைக் கட்டி அனுப்பும் எங்கள் தொழிற்சாலையில் அவர் சூப்பர்வைசர். அவருக்கென்று போட்ட நாற்காலியில் எங்கள் சாப்பாட்டுப் பைகள்தான் இருக்கும். கேன்டீனில்கூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசல் பக்கமாக நின்றுதான் சாப்பிடுவார். "உக்காந்தா எதையோ மறந்துட்டாப்புல கீது" என்பார்.

ஒருமுறை லாரியில் ஏற்றிவிட்ட பெட்டிகளைத் திரும்ப இறக்க வைத்தார். ஒரு கனெக்டரில் இரண்டு வயர்கள் இடம் மாறியிருக்கலாம் என்று அவருக்குச் சந்தேகம். மேனேஜர் கத்தினார். நாங்கள் ஓ.டி. போட்டு, முணுமுணுத்துக்கொண்டே பெட்டிகளைப் பிரித்தோம். கடைசிக்கு முந்தின பெட்டியில் அது இருந்தது. அதைச் சொருகியவள் நான். அக்காவிடம் போய் நின்றேன். "யாரு செஞ்சதுன்னு நான் கேட்டனா? தெரிஞ்சப்புறம் கம்முனு இருக்கறதுதான் தப்பு" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார்.

இரண்டு வருடங்களுக்கு முன், பதினைந்து ஆண்டுகள் முடித்த எட்டுப் பேரைக் கம்பெனி கப்பல் சுற்றுலாவுக்கு அனுப்பியது. சென்னைத் துறைமுகத்திலிருந்து விசாகப்பட்டினம் போய்த் திரும்பவேண்டும். அக்காவுக்கும் எனக்கும் ஒரே அறை. மற்றவர்கள் நீச்சல்குளத்தையும் பாட்டுக் கச்சேரியையும் விட்டு நகரவில்லை. அக்கா மேல்தளத்தில் கம்பியைப் பிடித்தபடி நடந்துகொண்டே இருந்தார்.

விசாகப்பட்டினத்தில் கப்பல் காலையில் நின்றது. மாலை நான்கு மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று அறிவித்தார்கள். மலைக்கோயிலுக்கும் கடற்கரைக்கும் எல்லோரையும் அழைத்துப் போகப் பஸ் காத்திருந்தது. நான் ஏறப்போனேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"பஸ்ல போவாத கலா. என்கூட வா."

"எங்கக்கா?"

"வா, சொல்றேன்."

ஆட்டோக்காரரிடம் கடற்படைப் போர் நினைவிடம் என்று அவர் சொன்னபோதுதான் போகும் இடமே எனக்குத் தெரிந்தது. மீதியை ஆட்டோவில் சொன்னார். அவருடைய அப்பா அருள்தாஸ் கடற்படைக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். பாகிஸ்தானோடு நடந்த எழுபத்தொன்றாம் வருடப் போரில் அந்தக் கப்பல் மூழ்கியது. அக்காவுக்கு அப்போது மூன்று வயது. உடல் கிடைக்கவில்லை. காணவில்லை என்றுதான் முதல் தந்தி வந்ததாம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவருடைய அம்மா ஐம்பது வருடங்களுக்கு மேல் காத்திருந்தாராம். சர்ச்சில் அப்பாவுக்காகப் பூசை வைத்ததில்லை. படத்துக்கு மாலை போட்டதில்லை. மாதாமாதம் வந்த பென்ஷனைக்கூட 'அப்பா சம்பளம்' என்றுதான் சொல்வாராம்.

"அப்பா கப்பல் இங்கதான் முழுகிச்சாக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல, அது வேற கடல்ல. அவரு கடைசியா லெட்டர் போட்டது இந்த ஊர்லேர்ந்து. எனக்குத் தெரிஞ்ச ஊரு இது ஒண்ணுதான்."

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். என் வீட்டுக்காரர் துபாயில் இருப்பதாகத்தான் உங்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் ஓசூரில் வேறொரு குடும்பத்தோடு இருக்கிறார். என் மகள் நிவேதாவுக்கு ஏழு வயதாக இருக்கும்போது போனவர். 'அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை' என்று அவளிடம் நான் சொல்ல ஆரம்பித்து, அதை நிறுத்தத் தெரியாமல் பல வருடங்கள் ஓடிவிட்டன. லைனில் இந்த உண்மை தெரிந்தவர் ஜெசிந்தா அக்கா மட்டும்.

நினைவிடம் கடலைப் பார்த்தபடி சாலையோரத்தில் இருந்தது. உச்சி வெயில். ஆனாலும் சுற்றிலும் சுற்றுலா வந்த குடும்பங்கள். ஒருவர் மனைவியைக் கல்லுக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அப்பாவின் பெயரைத் தேடி ஒவ்வொரு கல்லாகப் பார்த்தார். ஒருமுறை சுற்றினார். மறுபடியும் சுற்றினார். நாங்கள் தேடியவரையில் அருள்தாஸ் என்ற பெயர் எங்கள் கண்ணில் படவில்லை. லைனில் ஒடிசாப் பெண்களோடு பேசிப் பழகிய இந்தியில் காவலாளியிடம் கேட்டேன். இது எல்லோருக்குமான நினைவிடம் என்று அவர் பணிவாகத்தான் சொன்னார்.

அதை அக்காவிடம் சொன்னேன். "எல்லாருக்கும்னா? எனக்கு ஒருத்தருதானே" என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். பிறகு ஒரு கல்லில் உள்ளங்கையை வைத்தார். வெயிலில் கொதித்திருக்கவேண்டும், கையை எடுக்கவில்லை. "அருள்தாஸ்" என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னும் சத்தமாக, "அருள்தாஸ்!" என்றார். படம் எடுத்துக்கொண்டிருந்தவர் போனைத் தாழ்த்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

மணி இரண்டரை ஆகிவிட்டது. கிளம்பலாம் என்றேன். "இரு" என்றார். சாலையைக் கடந்து மணலில் இறங்கினார். மூன்று மணிக்கு மறுபடியும் கூப்பிட்டேன். கப்பல் போய்விட்டால் என்ன செய்வது, கம்பெனியில் என்ன சொல்வது என்று எனக்குப் பயம். அலை காலைத் தொடும் இடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்த அக்கா சட்டென்று நின்று தன் அம்மாவுக்குப் போன் போட்டார். காற்றில் கேட்காததால் ஸ்பீக்கரில் வைத்தார்.

"அம்மா, நான் அப்பா கல்லாண்டேர்ந்து பேசறேன். அவரு வரமாட்டாரும்மா. செத்துட்டாரு."

அந்த வயதானவரை இப்படியா கொல்வது என்று எனக்கு அக்காமேல் கோபம் வந்தது. பிறகு அம்மாவின் குரல் நிதானமாக வந்தது.

"தெரியும்டி."

"இன்னாது?"

"அந்த வருசமே தெரியும். அவருகூட வேல பாத்தவரு ஒருத்தரு வூட்டாண்ட வந்து சொல்லிட்டு பூட்டாரு. நீ இன்னாடான்னா தெனம் சாயங்காலமானா ரோட்டாண்ட போய் நின்னுக்கினு கெடந்த. நான் இன்னான்னு சொல்லுவேன்? பெரிய பொண்ணானப்புறம் நீயும் கேக்கல. நீ நம்பிக்கினு கீறன்னு நான் அப்பிடியே வுட்டுட்டேன்."

அக்கா போனை வாய்க்கு அருகில் கொண்டுவந்தார். "நான் உனக்கோசரம்தாம்மா கேக்கல" என்றார்.

அம்மா, "சாப்டியா?" என்றார். "இன்னும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அக்கா அங்கேயே ஈர மணலில் உட்கார்ந்தார். பதினைந்து வருடங்களில் அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுவே முதல்முறை. அவர் அழுது முடிக்கும்வரை நான் மணியைப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் போக்குவரத்து நெரிசல். துறைமுக வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கி, அடையாள அட்டைகளைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் ஓடினோம். கடைசியாக ஏறியவர்கள் நாங்கள்தான்.

கப்பல் நகர்ந்ததும் அக்கா என்னிடம் திரும்பினார். "உம் பொண்ணுகிட்ட சொல்லிடு கலா."

"உங்க கதை வேற, என் கதை வேறக்கா. செத்தவரப் பத்திச் சொல்றதும், இவரப் பத்திச் சொல்றதும் ஒண்ணா?"

"ஒண்ணில்லதான். காத்துக்கினு கெடக்கறது ஒண்ணுதான்."

எனக்கு அவமானமாக இருந்தது. இதற்காகத்தான் என்னைக் கூட்டிவந்தாரா என்று ஆத்திரமும் வந்தது. சென்னை வந்து சேரும்வரை அவரோடு பேசவில்லை. ஊருக்குத் திரும்பிய மறுவாரம் அவர் வீட்டில் அப்பா படத்துக்கு மாலை ஏறியது. சர்ச்சில் பூசை வைத்தார்கள், நானும் போயிருந்தேன். அதன்பிறகு என் விஷயத்தை அவர் வாய்விட்டுக் கேட்டதே இல்லை. திங்கட்கிழமைகளில் மட்டும் என் மேசை அருகே வரும்போது புருவத்தைத் தூக்குவார். நான் தலையை ஆட்டி இல்லை என்பேன். அவர் நகர்ந்துவிடுவார். இரண்டு வருடங்கள் இப்படியே போயின.

அடக்கத்தன்று அவருடைய அம்மா பெட்டியின் தலைமாட்டில் அமர்ந்து மகளின் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். யார் ஆறுதல் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. என்னை அடையாளம் கண்டுகொண்டு கையைப் பிடித்தார். "அவர தண்ணி கொண்டுகினு பூட்ச்சும்மா. இவளயாவது தொட்டுப் பாத்து அனுப்ப வுட்டானே ஆண்டவன்" என்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாள் காலை நிவேதா தண்டலத்தில் இருக்கும் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தோசையைத் தட்டில் போட்டுவிட்டு, அவள் அப்பாவைப் பற்றிய உண்மையை அப்படியே சொல்லிவிட்டேன். அவள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. "எத்தினி வருசம்மா இப்பிடி பொய் சொல்லிட்டிருந்த?" என்று கேட்டாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்று நாட்கள் ஒரே வீட்டில் பேசாமல் இருந்தோம். நான்காம் நாள் தலை வாரிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "ஓசூர்ல எங்க?" என்றாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்குப் பஸ் ஏறுகிறோம். நிவேதாவின் அப்பா கதவைத் திறப்பாரா, திறந்தாலும் என் மகளிடம் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. இதை எழுதும்போதும் ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. தனியாகப் போய்க்கொள் என்று நிவேதாவிடம் சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன், சொல்லவில்லை. அவ்வளவு துக்கத்தைச் சுமந்துகொண்டு போன இடத்துக்கு, உண்மையைச் சொல்லப் பயந்துகொண்டிருந்த என்னையும் கைப்பிடித்து அழைத்துப் போனார் ஜெசிந்தா அக்கா. அவரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டிருப்பது அந்தப் பிடியைத்தான்.