பெயிண்டர் கொடுத்த வண்டி

அந்த வட்டாரத்தில் ஜன்னல் கண்ணாடி உடைந்தால் கூப்பிடுவதற்கு ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைக் ‘கண்ணாடி’ என்றே அழைத்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். ஐம்பதைத் தாண்டியும் மூக்கில் கண்ணாடி ஏறாத மனிதர் என்பதால், “கண்ணாடி போடாத கண்ணாடி” என்று ஒரு கேலியும் உண்டு. அந்தக் கேலியைக் கிளப்பிவிட்டவர் அவருடைய நண்பர் பெயிண்டர்.

மீசை அரும்பிய காலத்திலிருந்து இருவரும் ஒரே கட்டடங்களில் வேலை பார்த்தவர்கள். ஜன்னலைப் பொருத்திவிட்டுக் கண்ணாடி இறங்குவார். பெயிண்டரின் ஆட்கள் ஏறிச் சட்டத்துக்கு வர்ணம் அடித்து, கண்ணாடியில் தெறித்ததைச் சுரண்டி எடுப்பார்கள். ஒருவருக்கொருவர் மச்சான். பெயிண்டரின் மனைவி கண்ணாடிக்குத் தங்கச்சி. கண்ணாடியின் மனைவிக்குப் பெயிண்டர் அண்ணா. இரண்டு வீட்டிலும் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகும் வழக்கமே இல்லை.

பெயிண்டருக்குத் தாராளமான கை. ஆனால் அவர் கொடுப்பதை நாலு பேர் பார்க்க வேண்டும். வேலையாளுக்குச் சட்டை வாங்கிக் கொடுத்தாலும் எல்லோரையும் வரச்சொல்லி, கைதட்டச் சொல்லித்தான் கொடுப்பார். யாருக்கும் அது உறுத்தவில்லை. கொடுக்கிற மனசு எத்தனை பேருக்கு இருக்கிறது என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

கண்ணாடிக்குத் தோள்பட்டை இறங்கியது அந்தச் சமயத்தில்தான். அதுவரை கண்ணாடிப் பலகைகளைத் தள்ளுவண்டியில் கோணிப்பை சுற்றிக் கயிறு கட்டி, மேட்டிலும் பள்ளத்திலும் தள்ளிக்கொண்டு போனவர். இனிமேல் தள்ளினால் கை விளங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் மனைவி கஞ்சி கொடுத்தாள். அவர் இடது கையால் குடித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெயிண்டர் வீட்டுக்குச் சாப்பிட வரச்சொன்னார்கள். போனால் வாசலில் பெயிண்டரின் பழைய வேன் நின்றது. துடைத்து, பக்கவாட்டில் கண்ணாடிகளைச் சாய்த்து வைக்க மரச்சட்டம் அடித்து, நீல எழுத்தில் ‘கண்ணாடி வேலை’ என்றும் அதன் கீழே கண்ணாடியின் போன் நம்பரும் எழுதியிருந்தது. எழுத்து பெயிண்டரின் சொந்தக் கை. வேலையாட்களெல்லாம் வரிசையாக நின்றார்கள். தங்கச்சி சாவியில் ரிப்பன் கட்டிக்கொண்டு வந்தாள்.

“இன்னையிலேருந்து இது உன் வண்டிடா மச்சான். தள்ளுவண்டியை அடுப்புல போடு” என்று பெயிண்டர் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். கண்ணாடி அழுதுவிட்டார். அதைப் பார்த்து பெயிண்டரும் அழுதார். அன்று சாப்பாடு இரண்டு தரம் சூடு பண்ண வேண்டியதாகிவிட்டது.

திரும்பி வரும்போது கண்ணாடியின் மனைவி கேட்டாள்: “பேரை எப்ப மாத்தி எழுதறது?”

“நல்லா இருக்கே நீ கேக்கறது! வண்டியையே கொடுத்தவன்கிட்ட பேப்பரையும் கொடுன்னு போய் நிக்கறதா?”

அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை. வருஷா வருஷம் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது பெயிண்டர் டீ குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். “நம்ம வண்டி எப்படி ஓடுது?” என்பார். அந்த ‘நம்ம’வில் கண்ணாடிக்கு ஒரு குளிர்ச்சி இருந்தது. தோளில் வலி இல்லை, வேலை பெருகியது, மகளைக் கட்டிக் கொடுத்தார். அந்த வருஷங்கள் அப்படியே போயின.

அந்த நட்பு முறிந்தது ஒரு பழைய மண்டபத்தில். மாடிப்படித் திருப்பத்தில், ஆள் உயரத்துக்கு வண்ணக் கண்ணாடி பதித்த ஜன்னல் ஒன்று. பெயிண்டருக்குப் பெரிய காண்ட்ராக்ட். கண்ணாடிக்குக் கீழ்த்தளத்தில் சில்லறை வேலை. ஒரு மதியம் பெயிண்டரின் ஆட்கள் ஏணியைத் திருப்பினார்கள். நுனி போய் அந்த ஜன்னலில் இடித்தது. கண்ணாடி அப்போது படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கண்ணெதிரே நடந்தது.

மேனேஜர் ஓடி வந்தார். பழைய கண்ணாடி, வெயிலில் தானாகவே விரிசல் விட்டு உடைந்துவிட்டது என்று பெயிண்டர் சொன்னார். மேனேஜர் நேராகப் படியைப் பார்த்தார். “நீங்க இங்கதானே இருந்தீங்க? எப்படி உடைஞ்சுது?”

எல்லோரும் கண்ணாடியின் வாயைப் பார்த்தார்கள். அவருக்கு யோசிக்க அவகாசமே இல்லை. “ஏணி பட்டுது” என்றார்.

காண்ட்ராக்ட் போயிற்று. அன்று சாயங்காலம் பெயிண்டர் கண்ணாடியின் வீட்டுக்கு வந்து, உள்ளே வராமல், வாசலில் நின்றே பேசினார்.

“என் வண்டியில வந்து என் வயித்துல அடிச்சுட்டுப் போறே. நல்லா இரு.”

அன்றுதான் ‘நம்ம வண்டி’ ‘என் வண்டி’ ஆனது.

இரண்டு நாள் கண்ணாடிக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வேனை ஓட்டிக்கொண்டு போய் பெயிண்டர் வாசலில் நிறுத்தி, சாவியை நீட்டினார்.

“இந்தா மச்சான். இது இருக்கறதாலதானே பேச்சு? எடுத்துக்கோ.”

பெயிண்டர் கையைக் கட்டிக்கொண்டார். “கொடுத்ததை வாங்கற பழக்கம் எனக்கில்ல. உன்னது. ஓட்டு.”

“அப்ப பேரையாவது மாத்திக் கொடு.”

“அது நான் பாத்துக்கறேன், எப்போன்னு.”

அங்கேதான் கண்ணாடி மாட்டிக்கொண்டார். திருப்பிக் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறான். வைத்துக்கொண்டால் என்னுடையது என்று ஊரெல்லாம் சொல்கிறான். ஹார்டுவேர் கடைக்குப் போனால் கடைக்காரர், “பெயிண்டர் வண்டியா? ஓரமா நிறுத்துங்க” என்பார். விற்கலாமென்றால் பேப்பரில் பெயர் வேறு. விட்டுவிட்டு நடக்கலாமென்றால் தோள் இல்லை.

பிறகு வேறொன்று ஆரம்பித்தது. பெயிண்டரிடம் இன்னொரு சாவி இருந்தது. காலையில் கண்ணாடி தெருவுக்கு வந்தால் வேன் இருக்காது. அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு என்று தேடிக்கொண்டு போனால் பள்ளிக்கூடச் சுவர் ஓரமாக நிற்கும். சீட் பின்னால் தள்ளியிருக்கும். பெயிண்டருக்குக் கால் நீளம். ரேடியோவில் பெயிண்டர் கேட்கும் நிலையம் அலறும். ஒரு கீறல் கூட இருக்காது. போலீஸில் என்னவென்று சொல்வது? வண்டிக்காரன் தன் வண்டியை ஓட்டிப் பார்த்தான் என்றா? கண்ணாடி சீட்டை முன்னால் இழுத்துவிட்டு வேலைக்குப் போவார். பூட்டை மாற்றக்கூட கடைக்காரன் பதிவுச் சான்றிதழைக் கேட்டான்.

இன்சூரன்ஸ் முடிகிற நாள் வந்தது. பெயிண்டர் கையெழுத்துப் போடவில்லை. ஒரு ரொட்டிக் கடைக்கு முகப்புக் கண்ணாடி ஏற்றிக்கொண்டு போகும்போது போக்குவரத்துப் போலீஸ் மடக்கினார்கள். ஏற்றியிருந்த முகப்புக் கண்ணாடியோடு சேர்ந்து வேன் போலீஸ் வளாகத்துக்குப் போயிற்று. அங்கே இருந்தவர் பேப்பரைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

“ஓனர் வந்தாத்தான் விடுவோம்.”

“நான்தாங்க ஓனர்.”

“இதுல அப்படி இல்லையே.”

ரொட்டிக் கடைக்காரர் கடைக்கு முன்னால் தார்ப்பாய் கட்டிக்கொண்டு, போன் மேல் போன் போட்டார். எடுக்கவும் முடியவில்லை, எடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. மனைவிதான் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு வக்கீலம்மாவிடம் போனாள்.

வக்கீலம்மாவின் அறை ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பரிசா கொடுத்து, நீங்களும் வாங்கிக்கிட்டு, பொருள் உங்க கைக்கு வந்துட்டா அது உங்களுதுதான். நட்பு முறிஞ்சா பரிசும் முறியும்னு சட்டத்துல இல்ல. பதிவுல அவர் பேர் இருக்கறதுதான் இடிக்குது. கொடுத்தாருன்னு காட்டணும். யார் பாத்தாங்க?”

“தெருவே பாத்துதும்மா.”

“தெரு கோர்ட்டுக்கு வராது. ஆளா சொல்லுங்க.”

பார்த்தவர்கள் எல்லோரும் பெயிண்டரிடம் வேலை செய்கிறவர்கள். கண்ணாடி ஒவ்வொருவராகப் போய்க் கேட்டார். “சாப்பாடு பிரமாதமா இருந்துதுண்ணா, அது ஞாபகம் இருக்கு. என்ன பேசினாருன்னுதான் சரியா நினைவில்ல” என்றான் ஒருவன், கண்ணைப் பார்க்காமல். வேனில் எழுதியிருந்ததைப் பற்றி வக்கீலம்மா கடிதத்தில் கேட்டதற்கு, ‘அது தொழில்முறையாக எழுதிக் கொடுத்த விளம்பரம்’ என்று பதில் வந்தது.

வழக்குப் போட்டதும் முதலில் சமரசத்துக்கு அனுப்பினார்கள். கோர்ட் கட்டடத்தின் பின்பக்கம் ஒரு சிறிய அறை. ஒரு மேசை, கதவு சரியாகச் சாத்தாது. பேசி முடித்து வைக்க உட்கார்ந்திருந்த பெரியவர் பெயிண்டரைக் கேட்டார்: “வண்டியைக் கொடுத்தீங்களா, இல்லையா?”

பெயிண்டர் யோசித்தார். இல்லை என்றால், கொடுத்துவிட்டுப் பிடுங்குகிறவன் என்று பெயர் வரும். அதை அவரால் தாங்க முடியாது. “கையெழுத்துப் போடறேன்” என்றார் கடைசியில். “ஆனா ஏணி படலன்னு இவன் சொல்லட்டும். இங்க, எல்லார் முன்னாலயும்.”

கண்ணாடி மனைவியைப் பார்த்தார். வரும்போதே அவள் சொல்லியிருந்தாள்: “ஒரு வார்த்தைதானே கேப்பாங்க. என்ன கேட்டாலும் சொல்லிட்டு வாங்க. என்னால இனிமே முடியாது.” முந்தின வாரம் அவர் மண்டபத்து மேனேஜரிடமும் போயிருந்தார், என்ன சொல்வது என்று தெரியாமலே. மேனேஜர் நெற்றியைச் சுருக்கி, “எந்த ஜன்னல்?” என்று கேட்டார். அங்கே சாதாரணக் கண்ணாடி போட்டு ரொம்ப நாளாகியிருந்தது. உலகத்தில் அந்த ஜன்னலை நினைத்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டே பேர்.

கண்ணாடி பெரியவர் பக்கம் திரும்பினார். “ஏணி படல” என்றார். “தானா உடைஞ்சுது. நான்தான் தப்பா சொல்லிட்டேன்.”

பெயிண்டர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். “கேட்டுக்கிட்டீங்களா ஐயா? அன்னைக்கு ஒண்ணு சொன்னான், இன்னைக்கு ஒண்ணு சொல்றான். இப்படிப்பட்டவன் வண்டி கொடுத்தாங்கன்னு சொன்னா அதை எப்படி நம்பறது?”

வக்கீலம்மா ஏதோ உரக்கப் பேசினார், பெரியவர் கையமர்த்தினார். கண்ணாடி மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்நாளில் சொன்ன பெரிய பொய் அது. அதற்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

சாத்தாத கதவைத் தள்ளிக்கொண்டு பெயிண்டரின் மனைவி உள்ளே வந்தாள். புருஷனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தவள். கையில் பை இருந்தது.

“கொடுத்தாருங்க” என்றாள் பெரியவரிடம். “நான்தான் சாவியில ரிப்பன் கட்டினேன். ‘இது உன் வண்டி’ன்னார். அழுதார். இப்ப இப்படிப் பேசறார்.”

“நீ வெளிய போ” என்றார் பெயிண்டர்.

“போறேன். ஏணியும் பட்டுது. அன்னைக்கு ராத்திரி நீங்கதான் எங்கிட்ட சொன்னீங்க.”

பெரியவர் பேப்பரை மேசைமேல் தள்ளினார். பெயிண்டர் கையெழுத்துப் போட்டார். அழுத்திய அழுத்தில் ஒரு இடத்தில் தாள் கிழிந்தது.

வெளியே கண்ணாடி ஓடிப்போய் அவள் முன்னால் நின்றார். “தங்கச்சி...”

“உங்களுக்காகச் சொல்லலண்ணா. தெரிஞ்சதைச் சொல்லலைன்னா அப்புறம் தூங்க முடியாதுன்னு சொன்னேன்.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “கொஞ்ச நாளைக்குப் போன் பண்ணாதீங்க. அண்ணியையும் பண்ண வேணாம்னு சொல்லுங்க.”

அவள் சில மாதம் அக்கா வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்ததாகக் கண்ணாடி பின்னால் கேள்விப்பட்டார். அந்தக் கொஞ்ச நாள் முடிந்துவிட்டதா என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

வேன் போலீஸ் வளாகத்திலிருந்து வெளியே வந்து, அவர் பெயருக்கு மாறியது. பூட்டை மாற்றினார். ரொட்டிக் கடைக்காரர் அதற்குள் வேறு ஆளை வைத்து முகப்பை முடித்திருந்தார். பெயிண்டரோடு பழையபடி ஒரே கட்டடங்களில் வேலை வந்தது. அவர் மேலே இருந்தால் இவர் கீழே பார்த்துக்கொள்வார். யாராவது ஒரு சாட்சிக்கு, ஒரு பஞ்சாயத்துக்கு இவரைக் கூப்பிட்டால், “எனக்கெதுக்குங்க, வேற ஆளைப் பாருங்க” என்று நகர்ந்துவிடுவார். முன்னால் அப்படி இல்லை.

அந்த வருஷக் கடைசியில் மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். மகள் அப்பாவுக்கென்று ஒரு ஜோடி கையுறை வாங்கி வந்திருந்தாள். கண்ணாடி தூக்கும்போது கை கிழியாத, தடித்த தோல். பெட்டியைத் திறந்து அப்பா மடியில் வைத்தாள்.

“பில் இருக்கா?” என்றார் அவர்.

“எதுக்குப்பா, மாத்தணுமா? அளவு சரியில்லையா?”

“இல்ல. யார் பேர்ல போட்டிருக்கு?”

மகள் முதலில் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் அம்மாவைப் பார்த்தாள். மருமகன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். “உனக்குக் கொடுத்ததுப்பா” என்று சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. “நான் உன் பொண்ணு.”

“தெரியும்மா. கேட்டேன், அவ்வளவுதான்.”

மனைவி தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். அவர்கள் ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு கண்ணாடி அந்தப் பெட்டியைத் திறந்தார். கையுறையைப் போட்டு, விரல்களை மடக்கிப் பார்த்தார். கச்சிதமாக இருந்தது. கழற்றி, வந்த மடிப்பிலேயே மடித்து வைத்துப் பெட்டியை மூடினார். மறுநாள் கிழிந்த பழைய கையுறையோடுதான் வேலைக்குப் போனார்.